நான்கு சக்கரங்களும் ஒரு நுகத்தடியும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்

விரைவுக் கார் ஒன்றைப் பற்றிப் பேசும்போது நம் கேள்விகள் எல்லாம் அதன் எஞ்சினைப் பற்றியே அமைகின்றன. எத்தனை குதிரைத் திறன், எத்தனை சிலிண்டர், எவ்வளவு வேகம் என்று கேட்கிறோம். எஞ்சின் தரும் திருப்பு விசையை நான்கு சக்கரங்களுக்கும் எவ்வாறு பங்கிடுகிறார்கள் என்று கேட்பவர் சிலரே. ஆயினும் நான்கு சக்கரங்களாலும் உந்தப்படும் கார்களின் வரலாறு பெரும்பாலும் இந்தப் பங்கீட்டின் வரலாறுதான்.

இப்பங்கீட்டைச் செய்யும் கருவிக்கு டிபரன்ஷியல் என்று பெயர். அதைப் பற்றி ஒரு கூற்று பரவலாக வழங்கி வருகிறது. “ஒரு சக்கரம் வழுக்கினால் டிபரன்ஷியல் விசை முழுவதையும் அந்தச் சக்கரத்துக்கே அனுப்பிவிடும், மற்றச் சக்கரத்துக்கு ஒன்றும் கிடைக்காது” என்பதே அது. வழுக்கும் சக்கரம் வெறுமனே சுழல்வதையும், மற்றது அசையாமல் நிற்பதையும் கண்ணால் காண்பவர்கள் இப்படிச் சொல்வது இயல்பே. ஆனால் இயற்பியல் வேறு விதமாகச் சொல்கிறது. அது என்னவென்று தெரிந்துகொண்டால் ஆடி, சுபாரு, மிட்சுபிஷி முதலிய கார்களில் உள்ள சிக்கலான அமைப்புகள் யாவும் ஒரே விதியின் வெவ்வேறு விடைகள் என்பது விளங்கும். அதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

டிபரன்ஷியல் ஏன் வேண்டும்?

நேர்சாலையில் எல்லாச் சக்கரங்களும் ஒரே தொலைவு ஓடுகின்றன. வளைவில் அப்படியன்று. 10 மீட்டர் ஆரமுள்ள வளைவில் ஒரு கார் கால்வட்டம் திரும்புவதாகக் கொள்வோம். இடச்சக்கரத்துக்கும் வலச்சக்கரத்துக்கும் உள்ள இடைவெளி 1.5 மீட்டர் எனில், வெளிச்சக்கரம் ஏறத்தாழ 16.9 மீட்டரும், உட்சக்கரம் 14.5 மீட்டரும் ஓட வேண்டும். வேறுபாடு 2.4 மீட்டர். காரின் சக்கரச் சுற்றளவு சுமார் 2 மீட்டர் என்பதால், வெளிச்சக்கரம் ஒரு முழுச் சுற்றுக்கும் மேலாக அதிகம் சுழன்றாக வேண்டும். இரு சக்கரங்களையும் ஒரே தண்டில் இறுக்கிவிட்டால் ஏதேனும் ஒன்று சாலையில் தேய்ந்து இழுபடும்.

இந்த இடர்ப்பாட்டைத் தீர்க்கும் அமைப்புக்கு, 1820-களின் பிற்பகுதியிலேயே பிரான்சு நாட்டுக் கடிகாரக் கலைஞர் ஒனெசிபோர் பெக்கூர் நீராவி வண்டி ஒன்றுக்காகக் காப்புரிமை பெற்றார். இன்றைய டிபரன்ஷியலும் அடிப்படையில் அதுவே. எஞ்சினிலிருந்து வரும் தண்டு ஒரு பெரிய பற்சக்கரத்தைச் சுழற்றுகிறது. அதனோடு ஒரு கூண்டும் சுழல்கிறது. கூண்டின் நடுவே சிறு சாய்வுப் பற்சக்கரங்கள் உள்ளன. அவற்றின் இரு பக்கமும் இரண்டு பக்கப் பற்சக்கரங்கள் பல்லோடு பல் பொருந்தி நிற்கின்றன. பக்கப் பற்சக்கரம் ஒவ்வொன்றும் ஒரு சாலைச் சக்கரத்தோடு இணைந்தது. நேரே செல்லும்போது சிறு பற்சக்கரங்கள் தம்மைத்தாமே சுற்றுவதில்லை. கூண்டோடு சேர்ந்து போகின்றன. வளைவில் மட்டும் அவை தம் அச்சில் மெல்லச் சுழன்று, ஒரு பக்கம் குறைத்த வேகத்தை மறுபக்கத்தில் கூட்டிக் கொடுக்கின்றன. எனவே இரு சக்கர வேகங்களின் சராசரி எப்போதும் கூண்டின் வேகத்துக்குச் சமம். இது முதல் விதி.

நுகத்தடி விதி

இரண்டாம் விதிதான் நமக்கு முதன்மையானது. சிறு பற்சக்கரத்தை ஒரு நெம்புகோலாக எண்ணிப் பாருங்கள். அதன் நடுவில் கூண்டு தள்ளுகிறது. அதன் இரு விளிம்புகளிலும் பக்கப் பற்சக்கரங்கள் எதிர்த்து நிற்கின்றன. இரு கைகளும் சம நீளமுடையவை. ஆகவே இரு பக்க விசைகளும் சமமாகத்தான் இருக்க முடியும். சமமில்லாவிட்டால் அப்பற்சக்கரம் உடனே தன் அச்சில் வேகமாகச் சுழலத் தொடங்கிவிடும்.

ஏர் பூட்டிய உழவர் இதை நன்கு அறிவர். நுகத்தடியின் நடுவில் ஏர்க்கால் கட்டப்படுகிறது. இரு முனைகளிலும் இரண்டு காளைகள். ஒரு காளை சோர்ந்து பின்தங்கினால் நுகத்தடி அந்தப் பக்கம் சாய்கிறது. மற்றக் காளை எவ்வளவு வலிமையுடையதாயினும், அதன் மிகுதியான இழுப்பு நுகத்தடியைத் திருப்பத்தான் பயன்படுமேயன்றிக் கலப்பையை இழுக்கப் பயன்படாது. தடையின்றித் திரும்பும் நுகத்தடியில் கலப்பைக்குக் கிடைப்பது சோர்ந்த காளையின் இழுப்பைப் போல் இரு மடங்கு மட்டுமே. டிபரன்ஷியலில் விசை நடுவிலிருந்து முனைகளுக்குச் செல்கிறது. நுகத்தடியில் முனைகளிலிருந்து நடுவுக்கு வருகிறது. திசைதான் வேறு, விதி ஒன்றே.

சாதாரண டிபரன்ஷியல் இரு சக்கரங்களுக்கும் எப்போதும் சமமான திருப்பு விசையையே தருகிறது. அது வேறுபடுத்துவது வேகத்தை மட்டுமே.

வழுக்கும் சக்கரம் எதைப் பெறுகிறது?

இனிக் கணக்குக்கு வருவோம். 1200 கிலோ எடையுள்ள கார். ஒவ்வொரு சக்கரத்தின் மீதும் சுமார் 3000 நியூட்டன் சுமை. சக்கர ஆரம் 0.3 மீட்டர். உலர்ந்த தார்ச்சாலையின் உராய்வுக் குணகம் 0.8 எனவும், பனிக்கட்டியின் குணகம் 0.1 எனவும் கொள்வோம். தார்ச்சாலையில் உள்ள சக்கரம் 720 நியூட்டன் மீட்டர் வரை திருப்பு விசையை ஏற்கும். பனியில் உள்ள சக்கரம் 90 நியூட்டன் மீட்டரை மட்டுமே ஏற்கும். அதற்கு மேல் வழுக்கும்.

இவ்விரு சக்கரங்களும் ஒரே டிபரன்ஷியலில் இணைந்திருந்தால் என்ன ஆகும்? பனிச்சக்கரத்துக்கு 90. சம விதியின்படி தார்ச்சாலைச் சக்கரத்துக்கும் 90. மொத்தம் 180. சாலை 810 வரை ஏற்கத் தயாராக இருந்தும் நாம் பயன்படுத்துவது 180 மட்டுமே. ஏற்றத்தில் நிற்கும் காரை நகர்த்த இது போதாமற்போகலாம்.

அப்படியானால் எஞ்சினின் உழைப்பு எங்கே போகிறது? கூண்டு நிமிடத்துக்கு 300 முறை சுழல்வதாகக் கொள்வோம். ஒரு சக்கரம் நின்றுவிட்டதால், சராசரி விதியின்படி மற்றது நிமிடத்துக்கு 600 முறை சுழலும். திறன் என்பது திருப்பு விசையையும் கோண வேகத்தையும் பெருக்கி வருவது. நின்ற சக்கரத்துக்குத் திருப்பு விசை உண்டு, வேகம் இல்லை. ஆகவே திறன் சுழி. சுழலும் சக்கரமோ ஏறத்தாழ 5.7 கிலோவாட் திறனை விழுங்கி வெப்பமாக்குகிறது. கூண்டுக்கு வந்த திறனும் அதே அளவுதான். ஆக, வழுக்கும் சக்கரத்துக்குச் செல்வது திறன் முழுவதும். திருப்பு விசை முழுவதும் அன்று. மேலே சொன்ன பொதுக்கூற்று இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணியதால் வந்தது.

நான்கு சக்கரம், மூன்று டிபரன்ஷியல்

நான்கு சக்கரங்களையும் உந்துவது சேற்றுக்கும் பனிக்கும் மட்டுமே உரியது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. விரைவுக் காருக்கும் அது தேவை என்பதைப் பின்வரும் கணக்குக் காட்டும். நம் காரின் ஒரு டயர் உலர்ந்த சாலையில் 2400 நியூட்டன் வரை பிடிக்கும். இந்தப் பிடிப்பு முன்னோக்கித் தள்ளுவதற்கும் பக்கவாட்டில் தாங்குவதற்கும் பொதுவானது. இரண்டையும் செங்குத்து வெக்டர்களாகக் கூட்டினால் 2400-ஐத் தாண்டக் கூடாது. காரை உந்த 4000 நியூட்டன் தேவை என்போம். அதை இரண்டு சக்கரங்கள் சுமந்தால் தலைக்கு 2000. வளைவில் தாங்க மிஞ்சுவது சுமார் 1330 நியூட்டன். நான்கு சக்கரங்கள் சுமந்தால் தலைக்கு 1000. மிஞ்சுவது சுமார் 2180 நியூட்டன். வளைவிலிருந்து வெளிவரும்போது ஓட்டுநர் முன்னதாகவே எஞ்சினை முடுக்க முடிவதன் காரணம் இதுவே.

ஆனால் வளைவில் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் ஒரே வட்டத்தில் செல்வதில்லை. அச்சுகளுக்கிடையே 2.5 மீட்டர் இருந்தால், பின்னச்சு 10 மீட்டர் ஆரத்தில் போகும்போது முன்னச்சு 10.3 மீட்டர் ஆரத்தில் போகிறது. எனவே முன்னச்சுக்கு ஒன்று, பின்னச்சுக்கு ஒன்று, இவ்விரண்டுக்கும் நடுவே ஒன்று என மூன்று டிபரன்ஷியல்கள் வேண்டும்.

மூன்றும் சாதாரண வகையாயின் நிலைமை மேலும் மோசம். ஒரு சக்கரம் பனியில் இருந்தால் அதற்கு 90; அதன் துணைக்கும் 90; நடு டிபரன்ஷியலும் சமமாகவே பங்கிடுவதால் மற்ற அச்சுக்கும் 180. மொத்தம் 360. மூன்று சக்கரங்கள் நல்ல சாலையில் நின்றும், ஒரே சக்கரம் மற்ற மூன்றையும் கட்டிப்போட்டுவிடுகிறது.

பூட்டும் சாவியும்

இதற்கு முதல் விடை பூட்டு. சேற்றில் சிக்கிய டிராக்டரில் ஓட்டுநர் மிதிக்கும் டிபரன்ஷியல் பூட்டு இவ்வகையே. பூட்டியதும் இரு பக்கமும் ஒரே தண்டாகிவிடும். வேகம் சமமாகக் கட்டப்படும். திருப்பு விசை விடுதலை பெறும். ஒவ்வொரு பக்கமும் தன் பிடிப்புக்கு ஏற்பப் பெற்றுக்கொள்ளும்.

1980 மார்ச்சில் ஜெனீவா கண்காட்சியில் அறிமுகமான ஆடி குவாட்ரோ இந்த வழியையே கையாண்டது. ஐந்து சிலிண்டர் டர்போ எஞ்சினும் 200 குதிரைத் திறனும் கொண்ட அக்காரில், நடு டிபரன்ஷியலையும் பின் டிபரன்ஷியலையும் ஓட்டுநர் விரும்பும்போது பூட்டலாம். அதன் கியர் பெட்டியில் ஒரு தண்டு குழாய் போல் உள்ளீடற்றது. குழாயின் வழியே விசை பின்னோக்கி நடு டிபரன்ஷியலுக்குச் செல்லும். முன்னச்சுக்குரிய பங்கு அக்குழாயின் உள்ளே ஓடும் மற்றொரு தண்டின் வழியே திரும்பி வரும். பாரமான தனிப்பெட்டி ஒன்று இதனால் தேவைப்படவில்லை.

நம் கணக்கைப் பொருத்திப் பார்ப்போம். ஒரு பின்சக்கரம் பனியில். நடு டிபரன்ஷியல் பூட்டப்பட்டது. பின்னச்சுக்கு 180, முன்னச்சுக்கு 1440, மொத்தம் 1620. பின் டிபரன்ஷியலையும் பூட்டினால் 2250. பூட்டாதபோது 360 மட்டுமே என்பதை நினைவில் கொள்க.

1981-இல் இத்தாலியின் சான்ரேமோ பந்தயத்தில் குவாட்ரோவை ஓட்டிய பிரான்சு நாட்டு மிஷேல் மூத்தோன், உலக ராலி வாகையர் போட்டிச் சுற்று ஒன்றில் வென்ற முதல் பெண்மணியானார். 1982-லும் 1984-லும் தயாரிப்பாளர் வாகைப் பட்டம் ஆடிக்குக் கிடைத்தது. அதன்பின் முன்னணி ராலிக் கார்கள் நான்கு சக்கர உந்துதலுக்கு மாறின.

பூட்டுக்கும் குறை உண்டு. உலர்ந்த சாலையில் பூட்டியபடி திரும்பினால், டிபரன்ஷியலே இல்லாத நிலைதான். டயர் இழுபடும், தண்டுகள் முறுக்கேறும், கார் திரும்ப மறுக்கும். பூட்டுவதும் திறப்பதும் ஓட்டுநரின் நினைவைப் பொறுத்தது.

சமமற்ற பங்கு

இரண்டாவது விடை நெம்புகோலின் கைகளை மாற்றுவது. ஒரு காளை இளையது, மற்றது முதிர்ந்தது என்றால், ஏர்க்காலை நுகத்தடியின் நடுவிலிருந்து முதிர்ந்த காளைப் பக்கம் சற்றுத் தள்ளிக் கட்டினால் அதன் பங்கு கூடும். இளையதின் பங்கு குறையும். காரில் இதையே செய்வது கோள் பற்சக்கர அமைப்பு. நடுவில் சூரியச் சக்கரம், சுற்றிலும் கோள் சக்கரங்கள், வெளியே வளையச் சக்கரம். கோள்களைத் தாங்கும் சட்டத்தில் விசையைக் கொடுத்தால், அது சூரியச் சக்கரத்துக்கும் வளையத்துக்கும் அவற்றின் பற்களின் எண்ணிக்கை விகிதத்தில் பிரியும்.

இதற்கான காரணத்தையும் கணக்கில் காணலாம். கார் வினாடிக்கு வினாடி 5 மீட்டர் வீதம் முடுக்கம் பெறும்போது சுமை பின்னோக்கி மாறுகிறது. புவியீர்ப்பு மையம் தரையிலிருந்து 0.5 மீட்டர் உயரத்தில் இருந்தால், நம் காரில் 1200 நியூட்டன் சுமை முன்னச்சிலிருந்து பின்னச்சுக்குப் போகும். சமமாக 6000 வீதம் இருந்தவை 4800, 7200 என்றாகும். அதாவது 40-க்கு 60. அந்த விகிதத்திலேயே விசையையும் பங்கிட்டால் நான்கு டயர்களும் தம் எல்லையை ஒருங்கே எட்டும்.

1966-இல் பிரிட்டனில் வெளியான ஜென்சன் எஃப்எஃப் காரில் இப்பங்கு முன்னே 37, பின்னே 63. அப்பெயரில் உள்ள இரண்டு எழுத்துகளும் பெர்குசன் அமைப்பைக் குறிப்பன. நம் வயல்களில் உழும் மாஸி பெர்குசன் டிராக்டரின் பெயரில் உள்ள ஹாரி பெர்குசனே அந்த ஆய்வு நிறுவனத்தைத் தோற்றுவித்தவர். அவர் 1960-இல் மறைந்தார். மறு ஆண்டே அந்நிறுவனத்தின் நான்கு சக்கர உந்துதல் பந்தயக் காரில் ஸ்டர்லிங் மாஸ் இங்கிலாந்தின் ஓல்டன் பார்க் தங்கக் கோப்பையை வென்றார். பிற்காலத்தில் சுபாருவின் டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ கார்களில் 41-க்கு 59 என்ற பங்கு கையாளப்பட்டது.

ஆயினும் இங்கே மாறியது பங்கு மட்டுமே, விதி மாறவில்லை. முன்னச்சு பனியில் வழுக்கினால், அது ஏற்கும் அளவே பின்னச்சின் அளவையும் தீர்மானிக்கும்.

உராய்வின் உதவி

மூன்றாவது விடை, முழுப் பூட்டுக்கும் முழு விடுதலைக்கும் இடைப்பட்டது. இரு தண்டுகளுக்கிடையே ஓரளவு உராய்வைப் புகுத்துவது.

ஒரு வகையில் நெருக்கமான தட்டுகளுக்கிடையே சிலிக்கோன் எண்ணெய் நிரப்பப்படுகிறது. தண்டுகளின் வேகம் வேறுபட்டால் எண்ணெயின் பாகுநிலை இரண்டையும் ஒன்றோடொன்று இழுக்கும். ஆனால் வேறுபாடு தோன்றிய பின்னரே, அதாவது சக்கரம் வழுக்கத் தொடங்கிய பின்னரே உதவி வரும்.

மற்றொரு வகை டார்சென். இதற்கு அமெரிக்கரான வெர்னன் கிளீஸ்மேன் 1958-இல் காப்புரிமை பெற்றார். இதில் சாய்வுப் பற்சக்கரங்களுக்குப் பதிலாகத் திருகுப் பற்சக்கரங்கள் உள்ளன. விசை பாயும்போதே அவை பக்கவாட்டில் அழுந்தி உராய்வை உண்டாக்குகின்றன. விசை மிகுந்தால் உராய்வும் மிகும். எனவே வழுக்கலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. 1980-களின் பிற்பகுதியில் ஆடி தன் நடு டிபரன்ஷியலாக இதை ஏற்றுக்கொண்டது.

டார்சென் ஒன்றின் விகிதம் 3 எனில், வலுவான பக்கம் மெலிந்த பக்கத்தைப் போல் மும்மடங்கு வரை பெறலாம். நம் பனிச்சக்கர அச்சில் 90-ஓடு 270 சேர்ந்து 360 ஆகும். சாதாரண வகையைப் போல் இது இரு மடங்கு. ஆனால் ஒரு சக்கரம் தரையை விட்டு எழும்பிவிட்டால் அதன் பங்கு சுழி. சுழியின் மும்மடங்கும் சுழியே! இது டார்செனின் எல்லை.

இக்குறையைப் போக்க இன்றைய கார்களில் எளிய உபாயம் ஒன்று உண்டு. கணிப்பொறி, வழுக்கும் சக்கரத்தின் பிரேக்கை மட்டும் பிடிக்கிறது. பிரேக் 300 நியூட்டன் மீட்டர் எதிர்த்தால் அந்தப் பக்கம் 390 ஆகிறது. சம விதி மறுபக்கத்துக்கும் 390 கொடுத்தே தீரும். தடையாக நின்ற விதியே இங்கே துணையாகிவிடுகிறது. விலை, பிரேக்கில் வீணாகும் வெப்பம்.

வளைவில் ஒரு புதிர்

உராய்வுக்கு மாறாத இயல்பு ஒன்று உண்டு. அது வேகமாகச் சுழலும் தண்டிலிருந்து மெதுவாகச் சுழலும் தண்டுக்கே திருப்பு விசையைக் கடத்தும். வழுக்கும்போது இது நன்மை. பிடிப்போடு வளைவில் செல்லும்போதோ வேகமாகச் சுழல்வது வெளிச்சக்கரம். ஆகவே உராய்வு வெளிச்சக்கரத்தின் பங்கைக் குறைத்து உட்சக்கரத்துக்குக் கொடுக்கிறது. கார் திரும்ப வேண்டிய திசைக்கு எதிரான திருப்பம் அதனால் உண்டாகிறது.

வெளிச்சக்கரத்துக்கு மிகுதியாகக் கொடுக்க வழி என்ன? மிட்சுபிஷி நிறுவனம் 1996-இல் தன் லான்சர் எவல்யூஷனின் நான்காம் பதிப்பில் இதற்கு விடை கண்டது. பின் டிபரன்ஷியலோடு கூடுதல் பற்சக்கரங்களையும் இரண்டு கிளட்சுகளையும் சேர்த்தது. பற்சக்கரங்கள் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் கொடுப்பதால், கிளட்சின் ஒரு பக்கம் வெளிச்சக்கரத்தைவிட வேகமாகச் சுழலும்படி செய்ய முடிகிறது. இப்போது அதே உராய்வு விதி வெளிச்சக்கரத்துக்கு விசையைக் கடத்தும். உட்பக்கம் 150 நியூட்டன் மீட்டர் குறைந்து வெளிப்பக்கம் 150 கூடினால், நம் காரில் செங்குத்து அச்சைப் பற்றி 750 நியூட்டன் மீட்டர் திருப்பு விசை கிடைக்கும். ஸ்டீயரிங்கின் வேலையில் ஒரு பகுதியைப் பின்சக்கரங்களே செய்துவிடுகின்றன.

1989-இல் வந்த நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் வேறு வழி சென்றது. அதில் நடு டிபரன்ஷியலே இல்லை. இயல்பாகப் பின்சக்கரங்களே உந்தும். தேவைப்படும்போது எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பல தட்டுக் கிளட்ச், விசையில் பாதி வரை முன்னச்சுக்கு அனுப்பும். எப்போது எவ்வளவு என்பதை மின்னணுக் கருவி தீர்மானிக்கும். இன்று நான்கு சக்கரங்களுக்கும் தனித்தனி மின்மோட்டார் பொருத்திய கார்களும் வந்துவிட்டன. அவற்றில் நுகத்தடியே இல்லை. ஒவ்வொரு மோட்டாருக்கும் தரும் மின்னோட்டமே பங்கைத் தீர்மானிக்கிறது.

முடிவுரை

இதுவரை கண்டவற்றைத் தொகுத்தால் மூன்று உண்மைகள் நிற்கின்றன. சாதாரண டிபரன்ஷியல் திருப்பு விசையைச் சமமாகவே பங்கிடுகிறது. அச்சமத்துவத்தின் அளவை மெலிந்த சக்கரமே தீர்மானிக்கிறது. பூட்டும் உராய்வும் பிரேக்கும் அந்தச் சமத்துவத்தைக் குலைக்கவோ பயன்படுத்தவோ கண்ட வழிகள். எந்த வழியும் டயருக்கும் தரைக்கும் இடையே உள்ள பிடிப்புக்கு மேல் ஒரு நியூட்டனையும் உண்டாக்கித் தராது.

இவற்றில் எதற்கும் நாம் நெம்புகோல் விதியையும், உராய்வு விதியையும், திறனின் சூத்திரத்தையும் தாண்டிச் செல்லவில்லை. மூன்றும் நாம் பள்ளியிலேயே படித்தவை. எஞ்சின் எவ்வளவு கொடுக்கிறது என்பது விளம்பரத்தில் இருக்கும். சாலை எவ்வளவு ஏற்கிறது, அதைக் கேட்டுப் பங்கிடும் கருவி எது என்று இனி நாம் கேட்போமாக.